சுமாரும் கணினியும்: பாராமகால் மண்ணில் சொற்கள் வந்த வழி

சில ஆண்டுகளுக்கு முன்பு, கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், இணையச் சேவை மையத்து வரிசையில் நாம் நிற்க நேர்ந்தது. நமக்கு முன்னால் நின்ற முதியவர் உடன் வந்த பேரனிடம் தெலுங்கிலும், மேசைக்கு அப்பால் இருந்த இளைஞரிடம் தமிழிலும் பேசினார். பாகப்பிரிவினைக்குப் பின் தம் பெயருக்கு மாறியிருக்க வேண்டிய பட்டா மாறவில்லை என்பது அவர் குறை. சிட்டாவில் யார் பெயர் இருக்கிறது, அடங்கலில் எந்தப் பசலிவரை என்ன பயிர் எழுதப்பட்டிருக்கிறது, போன ஜமாபந்தியில் தாம் கொடுத்த மனு என்னவாயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இளைஞர் திரையைப் பார்த்துவிட்டு, "பெண்டிங்னு காட்டுது தாத்தா, சர்வரும் ஸ்லோவா இருக்கு, அப்புறமா வாங்க" என்றார். அதுவரை மடை திறந்தாற்போல் பேசிய பெரியவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேரனோடு வெளியேறினார்.

அந்த இளைஞர்மீது குற்றமில்லை. திரையில் இருந்ததைத்தான் சொன்னார். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் நம்மை உறுத்தியது வேறொன்று. பெரியவர் அத்தனை உரிமையோடு கையாண்ட சொற்களுள் பசலி அரபு மொழியிலிருந்து வந்தது. ஜமாபந்தி அரபும் பாரசீகமும் கலந்தது. சிட்டா வடக்கேயிருந்து அலுவலக வழக்காக வந்து சேர்ந்தது. அவர் வீட்டில் பேசும் தெலுங்குக்கும் அவை அயல், வெளியில் பேசும் தமிழுக்கும் அயல். அந்த அயற்சொற்களை ஆயுதமாகப் பிடித்து வாதாடத் தெரிந்த மனிதர், 'பெண்டிங்' என்ற இன்னோர் அயற்சொல்லின் முன் ஏன் வாயடைத்து நின்றார்? ஒரு சொல் எப்போது நம்முடையதாகிறது? இந்தக் கட்டுரை அக்கேள்வியிலிருந்து பிறந்தது.

*

கேள்வியைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான நிலம் தமிழகத்தில் இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பகுதிக்குப் பழைய பெயர் பாராமகால். 'பாரா' என்றால் இந்துஸ்தானியில் பன்னிரண்டு; 'மகால்' அரபு வழிவந்த சொல், வருவாய்ப் பிரிவையும் குறிக்கும். ஓசூரோ கன்னடத்தின் 'ஹொஸ ஊரு', அதாவது புதிய ஊர். பெயர்ப்பலகையிலேயே பல மொழிகள் குடியிருக்கும் நாடு இது.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஓசூரைச் சார்ந்த பாலகாட் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே கம்பெனியின் கைக்கு வந்தது. பாராமகாலின் நிருவாகத்துக்கு அனுப்பப்பட்டவர் அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவர். அவருடைய உதவியாளர்களுள் ஒருவர்தான் பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநரான தாமசு மன்றோ. 1792 முதல் 1799 வரை இங்கே ஊர் ஊராகச் சுற்றி நிலம் அளந்து, தரம் பிரித்து, வரி விதித்த அனுபவத்திலிருந்தே இரயத்துவாரி முறை உருவாயிற்று. சமீன்தார் போன்ற இடையாள் இல்லாமல் அரசு ஒவ்வோர் உழவனோடும் நேரே கணக்கு வைத்துக்கொள்வது அம்முறை. அதன் பெயரிலுள்ள 'ரயத்' என்பதும் அரபுச் சொல்லே.

இம்முறையின் வரிக்கணக்கு பற்றி வரலாற்றாசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். சொற்கணக்கை நாம் சற்றே பார்க்கலாம். இடையாள் இருந்தவரை பாரசீக வழிவந்த வருவாய்ச் சொற்கள் அவனோடும் ஊர்க் கணக்கனோடும் நின்றிருக்கும். உழவனுக்கு நேரே பட்டா கொடுக்கத் தொடங்கியதும் அச்சொற்கள் அவன் வீட்டுப் பரணில் இருந்த பெட்டிக்குள் புகுந்தன. வசூல், பாக்கி, கிஸ்தி, ரசீது, ஜப்தி, ஜாமீன், வாரிசு, ராஜினாமா என்று ஒரு பெரும்படையே வந்து இறங்கிற்று. ஜில்லா, தாலுகா, பிர்க்கா என்று ஊரின் எல்லைகளுக்கே புதுப்பெயர் வாய்த்தது. அக்பர் காலத்தில் அறுவடையைக் கருதி ஏற்பட்ட பசலி ஆண்டு உழவனின் நாட்காட்டியாயிற்று. கிறித்துவ ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் அவ்வாண்டு ஜூலை முதல் தேதி தொடங்கும் பசலி கிடைக்கும். 2004 ஜூலையில் பிறந்தது பசலி 1414.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சொற்கள் ஆங்கில அலுவலர்களுக்கும் விளங்காதவையாகவே இருந்தன. ஆகவே ஒரேசு எய்மன் வில்சன் என்னும் வடமொழி அறிஞர், இந்தியாவில் வழங்கிய நீதித்துறை, வருவாய்த்துறைச் சொற்களையெல்லாம் திரட்டி ஆங்கிலத்தில் பொருள் விளக்கும் பெரும் சொற்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தார். அது 1855இல் வெளிவந்தது. கலெக்டர் துரைக்குப் பொருள் சொல்ல அகராதி இருந்தது. உழவனுக்கு? அவன் அச்சொற்களின் பொருளைத் தன் மாட்டையும் நிலத்தையும் ஜப்தியில் இழந்துதான் கற்றான். சேவை மையத்துப் பெரியவரின் நாவில் புரண்ட சொல்வளம் இரண்டு நூற்றாண்டுகள் கட்டணம் செலுத்திப் பெற்ற கல்வி.

*

இனி அச்சொற்கள் கணினிக்குள் புகுந்த கதைக்கு வருவோம்.

கணினித் திரையில் ஓர் ஆவணத்தைப் படியெடுக்கும் கட்டளைக்குத் தமிழில் 'நகலெடு' என்று போடுகிறோம். தனித்தமிழ் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கும் இந்த நகல், 'நக்ல்' என்னும் அரபுச் சொல்தான். உருதுக் கணினித் திரையிலும் அதே இடத்தில் அதே சொல் நிற்கிறது. செய்யத் தொடங்கியதை நிறுத்தும் கட்டளைக்கு 'ரத்து செய்' என்கிறோம். அதுவும் 'ரத்து' என்னும் அரபு மூலத்திலிருந்து வந்தது. நாம் மனுவைத் 'தாக்கல்' செய்கிறோமே, அதன் மூலம் 'தாகில்'. உள்ளே புகுதல் என்று பொருள். உருது விக்கிப்பீடியாவில் பயனர் தம் கணக்குக்குள் நுழையும் கதவில் இந்தத் 'தாகில்' தான் எழுதப்பட்டிருக்கிறது. நாம் அங்கே உள்நுழை என்றோ புகுபதிகை என்றோ எழுதுகிறோம். ஒரே சொல் தமிழில் நீதிமன்றப் படியேறியது. உருதுவில் கணினிக்குள் போனது.

இதைவிடச் சுவையானது கணினியின் பெயர். கணித்தல் என்னும் வினையடியாகக் கணினியும் கணிப்பொறியும் பிறந்தன. வானநிலை கணித்தவரைக் கணியன் என்று சங்ககாலமே அழைத்தது. கணியன் பூங்குன்றனாரின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. ஓசூரிலிருந்து சற்று மேற்கே போனால் கன்னடத்தில் 'கணக', 'கணகயந்த்ர' என்பார்கள். உருதுவில் நடைமுறையில் கம்ப்யூட்டர்தான் என்றாலும், தூய சொல் நாடியவர்கள் 'ஷுமாரிந்தா' என்று ஒன்றைப் படைத்தார்கள். 'ஷுமார்' என்றால் பாரசீகத்தில் எண்ணுதல், கணக்கு. அந்த ஷுமார் நமக்குப் புதியதன்று. "சுமார் நூறு பேர் வந்தார்கள்" என்றும், "படம் சுமார்தான்" என்றும் நாம் அன்றாடம் சொல்கிறோமே, அதே சொல்தான். ஓர் எண்ணிலும் பிசகாத இயந்திரத்துக்கு உருதுப் புலவர்கள் வைத்த பெயரும், கணக்குச் சரியாகத் தெரியாதபோது தமிழர்கள் சொல்லும் சொல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். சொற்களின் பயணத்தில் இத்தகைய வேடிக்கைகளுக்குக் குறைவேயில்லை.

மின்சாரமும் அப்படியே. தமிழில் மின்னலிலிருந்து மின்சாரம். அதிலிருந்து மின்னஞ்சல், மின்னாளுமை, மின்னூல். உருதுவில் மின்னலுக்கு 'பர்க்' என்று பெயர்; மின்னஞ்சல் 'பர்கீ டாக்'. பேச்சு வழக்கில் மின்னலும் மின்சாரமும் இரண்டுமே 'பிஜ்லி'. கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்கும் வித்யுத் என்பதும் மின்னலே. ஆங்கிலச் சொல்லோ அம்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அம்பரைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்று கண்டவர்கள் அவர்கள். இந்த எல்லைப்புறத்தில் புழங்கும் நான்கு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலேயே வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. மொழிகள் வேறானாலும் கண்கள் ஒன்றாயிருந்தன என்று சொல்லத் தோன்றுகிறது.

*

கலைச்சொல்லாக்கம் என்பது ஏதோ கணினி வந்தபிறகு ஏற்பட்ட தலைவலி அன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1916இல், வெங்கடசுப்பையர் என்பவரோடு சேர்ந்து அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் கண்டார்; அதற்கென ஓர் இதழும் நடத்தினார். அந்நாளைய வழக்கப்படி அச்சொற்களைச் 'சாஸ்திர பரிபாஷை' என்றார்கள். பரிபாஷை பின்னாளில் கலைச்சொல் ஆயிற்று. வேதியியலை எளிய தமிழில் விளக்கி அவர் எழுதிய 'திண்ணை ரசாயனம்' அந்த ஆர்வத்தின் தொடர்ச்சியே. நூலின் தலைப்பில் இருக்கும் திண்ணையை நாம் மறக்கலாகாது. சொல் வடமொழியானாலும் விளக்கம் திண்ணையில் நடக்க வேண்டும் என்பது அவர் கருத்தாக இருந்திருக்கலாம்.

இதற்கு மறு ஆண்டு, 1917இல், ஐதராபாத் நிசாமின் ஆட்சியில் 'தாருல் தர்ஜுமா' என்னும் மொழிபெயர்ப்பகம் தொடங்கிற்று. 1918இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் எழுந்தது. பொறியியல், மருத்துவம் உள்ளிட்ட அத்தனை பாடங்களையும் உருதுவிலேயே கற்பிப்பது அதன் குறிக்கோள். அதற்கு வேண்டிய பாடநூல்களையும் சொற்களையும் ஆக்கித் தருவது மொழிபெயர்ப்பகத்தின் வேலை. உருதுவின் தந்தை என்று போற்றப்படும் மௌல்வி அப்துல் ஹக் அதன் பொறுப்பில் இருந்தார். வஹீதுத்தீன் சலீம் என்னும் அறிஞர் கலைச்சொல் ஆக்குவது எப்படி என்பதற்கே 'வஸ்-எ-இஸ்திலாஹாத்' என்று ஒரு நூல் எழுதினார்.

சேலத்தில் இருந்தது தனிமனிதர் இருவரின் முயற்சி. ஐதராபாத்தில் இருந்தது அரசின் கருவூலம். ஆயினும் 1948இல் நிசாமின் ஆட்சி முடிவுற்றபின் உஸ்மானியாவின் உருதுவழிக் கல்வி நிலைக்கவில்லை. வகுப்பறை போனபின் சொற்பட்டியல்கள் நூலக அலமாரியில் தங்கின. தமிழுக்கு நேர்ந்தது சற்று வேறு. 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. ஜில்லா மாவட்டமாயிற்று, தாலுகா வட்டமாயிற்று, தாசில்தார் வட்டாட்சியரானார். ஜமாபந்திக்கு வருவாய்த் தீர்வாயம் என்று அழகிய பெயர் கிடைத்தது. இவற்றுள் மாவட்டம் மக்கள் நாவில் முழுமையாக ஏறிவிட்டது. வருவாய்த் தீர்வாயம் பதாகையில் இருக்கிறது. மக்களோ ஜமாபந்திக்குத்தான் போகிறார்கள். சொல்லின் பிறப்பைப் பார்த்து மக்கள் ஏற்பதுமில்லை, தள்ளுவதுமில்லை என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

*

கணினிச் சொற்களிலும் இதே போராட்டம் நடந்தது. ஒருபுறம் மணவை முஸ்தபா; யுனெஸ்கோ கூரியரின் தமிழ்ப் பதிப்பைப் பல்லாண்டுகள் நடத்தியவர், கணினிக் கலைச்சொற்களுக்கென்றே தனி அகராதி தந்தவர். எந்த அறிவியற் கருத்தையும் தமிழிலேயே சொல்ல முடியும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். மறுபுறம் சுஜாதா, ஓசூருக்கு அடுத்த பெருநகரான பெங்களூரில், பாரத் மின்னணு நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். சொல் ஆங்கிலமாயிருந்தால் என்ன, விளக்கம் புரிந்தால் போதும் என்ற போக்கில் கணினியைத் தமிழ் வாசகனின் வீட்டுக்குள் கொண்டுவந்தார். இருவரில் யார் சரி என்று நம் நண்பர்கள் இரவெல்லாம் வாதிட்டதுண்டு. இன்று பார்க்கையில் இருவரும் ஒரு வேலையின் இரு பாதிகளைச் செய்தார்கள் என்றே படுகிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையை ஒழுங்குபடுத்தியது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது. கணினியில் தமிழ் எழுதுவதற்கான வழி செவ்வையாயிற்று.

உருதுவுக்கு எழுத்தே பெருந்தடையாக நின்றது. நஸ்தலீக் எழுத்தில் ஓர் எழுத்தின் வடிவம் அடுத்த எழுத்தைப் பொறுத்து மாறும். சொல் சரிந்து இறங்கும். 1981இல் மிர்சா அகமது ஜமீல் ஏறத்தாழ 20,000 கூட்டெழுத்து வடிவங்களைக் கையால் வரைந்து கொடுத்த பிறகே நூரி நஸ்தலீக் என்னும் கணினி எழுத்துரு பிறந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கிய 'முசல்மான்' என்னும் உருது நாளேடு, கணினி வந்த பிறகும் நெடுங்காலம் கையெழுத்துக் கலைஞர்களை வைத்தே பக்கங்களை எழுதி அச்சிட்டது இதனால்தான் பலருக்கும் வியப்பாயிற்று. 1996 முதல் இயங்கிவரும் உருது மொழி வளர்ச்சிக்கான தேசியக் குழு, நாட்டின் பல பகுதிகளில் கணினிப் பயிற்சியையும் உருதுவையும் இணைத்துக் கற்பித்தது. ஆங்கிலச் சொல், பக்கத்தில் உருது விளக்கம் என்ற முறை எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வாசலாயிற்று.

*

அந்த முறையின் பயனை நாம் நேரில் கண்டது வகுப்பறையில் அன்று. ஓசூரில் ஒரு பட்டறையில். 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து ஓசூர் வேறு ஊராகிவிட்டது. டி.வி.எஸ். 50 வண்டி 1980இல் இங்கிருந்துதான் புறப்பட்டது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கடிகாரத் தொழிலும் இங்கேதான் வேரூன்றியது. பெரிய ஆலைகளைச் சுற்றி அவற்றுக்கு உதிரி உறுப்பு செய்யும் சிறு பட்டறைகள் முளைத்தன. ஆலையைக் கன்னடத்தில் 'கார்கானெ' என்பார்கள். அதுவும் பாரசீகமே, 'கார்' வேலை, 'கானா' இடம்.

நாம் போன பட்டறையில் கணினி இயக்கும் கடைசல் எந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தக்கனி உருது பேசும் மூத்த தொழிலாளி ஒருவர், புதிதாகச் சேர்ந்த இரு இளைஞர்களுக்கு 'ஆஃப்செட்' என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தார். ஒருவனுக்கு உருது; மற்றவனுக்குத் தமிழ். இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசினார். "உளி தேய்ஞ்சு போச்சுன்னு மெஷினுக்குத் தெரியாதுப்பா. அதுக்குக் கண்ணில்லை. எவ்வளவு தேய்ஞ்சுதுன்னு நாமதான் சொல்லணும். அந்தச் சொல்ற கணக்குதான் ஆஃப்செட்." அவ்வளவுதான். இதற்குமேல் எந்த அகராதியும் சொல்ல முடியாது. ஆஃப்செட் என்ற சொல்லை அவர் மாற்றவில்லை. அதன் பொருளை அவ்விளைஞர்களின் தாய்மொழியில் இறக்கி வைத்தார். அதன்பிறகு அச்சொல் அவர்களுடையது. நாளை எந்திரம் பிசகினால் அவர்கள் அதைக் கேள்வி கேட்பார்கள்.

சேவை மையத்துப் பெரியவருக்குக் கிடைக்காமற்போனது இதுதான்.

*

தேசிய மின்னாளுமைத் திட்டத்தின்கீழ் வருவாய்த் துறை, சமூகநலத் துறைச் சேவைகளைக் கணினிவழி வழங்கும் முன்னோட்டம் தமிழகத்தில் முதலில் நடந்தது, 2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்த இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். ரீடும் மன்றோவும் சங்கிலி பிடித்து நிலம் அளந்த பாராமகாலிலேயே இந்த முன்னோட்டமும் முதலில் நடந்தது வரலாற்றின் தற்செயலாக இருக்கலாம். நன்மைகள் பல, வட்ட அலுவலகத்துக்கு ஆயிரம் நடை நடந்தவர்கள் அதை அறிவார்கள். ஆனால் 1792இல் நடந்ததே மீண்டும் நடக்கிறதோ என்ற ஐயமும் நமக்கு உண்டு. புதிய சொற்கள் நேராக உழவன் வீட்டுக்குள் வருகின்றன. விளக்கமோ அலுவலருக்கான பயிற்சிக் கையேட்டில் இருக்கிறது. இம்முறை நாம் இருநூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

அன்று அந்த இளைஞர் 'பெண்டிங்' என்பதற்குப் பதில் 'நிலுவை' என்று சொல்லியிருக்கலாம். அது பெரியவருக்கு நன்றாகத் தெரிந்த சொல்; வரி நிலுவையில் உழன்றவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'பாக்கி' என்று சொல்லியிருந்தாலும் போதும். அரபுச் சொல்லானால் என்ன? இரண்டில் ஒன்று காதில் விழுந்திருந்தால் பெரியவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போயிருக்கமாட்டார். மேசையில் கையூன்றி நின்று, "யார்கிட்ட நிலுவை, தம்பி? எத்தனை நாளா?" என்று கேட்டிருப்பார்.